திருப்புடைமருதூர் ஆற்றங்கரை நடை: வாய் பேசினால் பறவை போய்விடுமா?

மருதமரத்தடி எழுதியது:

மாசி கடைசி ஞாயிறு காலையில் திருப்புடைமருதூர் போய் வந்தோம். படங்களைப் பிறகு போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு பஞ்சாயத்து இருக்கிறது, உங்கள் எல்லோருடைய அபிப்பிராயமும் வேண்டும்.

ஊர் தெரியாதவர்களுக்கு: திருநெல்வேலியிலிருந்து மேற்கே சேரன்மகாதேவி தாண்டி, வீரவநல்லூருக்கும் முக்கூடலுக்கும் இடையில், கடனாநதி தாமிரபரணியில் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. நாறும்பூநாதர் கோயில் ஊர். கோபுரத்துக்குள் அடுக்கடுக்காக மரச்சிற்பமும் சுவரோவியமும் உண்டு. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பறவையை மறந்துவிடுவோம், வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம். கோயிலைச் சுற்றியும் ஆற்றோரத்திலும் பெரிய பெரிய மருத மரங்களும் இலுப்பை மரங்களும் நிற்கின்றன. மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டுவது அவற்றில்தான். மூன்று ஹெக்டேர்கூடத் தேறாத இந்த இடத்தை 2005-ல் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அந்த மாதிரி பாதுகாப்பகம் என்ற வகையே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2002 திருத்தத்துக்குப் பிறகு வந்ததுதான். நாட்டில் முதலில் அறிவிக்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று.

தைப்பூசத்துக்கு இங்கே தீர்த்தமாட வரும் கூட்டத்தில் கால் வைக்க முடியாது. மாசியில் அந்தக் கூட்டமெல்லாம் வடிந்து, ஆற்றில் தண்ணீர் முழங்கால், இடுப்பு என்று இறங்கி, மணல்திட்டுகள் தலைகாட்டும். பனி விலகிவிடும், பங்குனி வெயில் இன்னும் வந்திருக்காது. வயலில் பிசானப் பருவ நெல் அறுப்பு. அறுவடை இயந்திரம் போகிற தடத்திலேயே உண்ணிக்கொக்குகள் வரிசையாக நடந்துபோகின்றன, கிளம்பி ஓடுகிற பூச்சிக்காக. சிலவற்றுக்குத் தலையிலும் கழுத்திலும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு இப்போதே ஏற ஆரம்பித்துவிட்டது.

ஆறரைக்குக் கோயில் படித்துறையில் சேர்ந்தோம். மேற்கே பார்த்து, நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்தோம். காலையில் அப்படி நடந்தால் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும், எதிரே பொதிகை மலை. பறவைமேல் வெளிச்சம் நேராக விழும். எதிர்வெயிலில் பார்த்தால் நீர்க்காகமும் கறுப்பு, நாரையும் கறுப்பு, எல்லாமே கறுப்புதான்.

பார்த்ததை முழுப் பட்டியலாகப் போடவில்லை. கூட்டில் மஞ்சள் மூக்கு நாரைகள், பாதிக் கூடுகளில் குஞ்சுகள். நாரைகளுக்குக் குரலே இல்லை என்று சொல்லலாம், அலகைத் தட்டிக்கொள்வதோடு சரி. ஆனால் குஞ்சுகள் போடுகிற இரைச்சல் படித்துறைவரை கேட்கிறது. ஆற்றில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று ஒரே இடத்தில் சிறகடித்தபடி அந்தரத்தில் நின்று, தலைகீழாக விழுந்து, வெறும் வாயோடு எழுந்து, மறுபடி நின்று... மூன்றாவது தடவை மீனோடு வந்தபோது எங்கள் கூட்டத்தில் கைதட்டலே எழுந்தது. பாம்புத்தாரா, சிறு நீர்க்காகம், மடையான், செம்பருந்து, நீலவால் பஞ்சுருட்டான், கருஞ்சாம்பல் வாலாட்டி.

பஞ்சாயத்து அந்தக் கைதட்டலில்தான் ஆரம்பம். வந்தவர்கள் பலதரப்பட்டவர்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள், பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த ஒரு ஐ.டி. தம்பி, நம் கோரைப்பாய் அக்காவும் அவர் அம்மாவும், பெரிய லென்ஸ் கேமராவோடு இரண்டு பேர். கேமராக்காரர்கள் தவிர மற்ற எல்லோரும் பேசிக்கொண்டேதான் நடந்தோம். மகள் கல்யாணம், பெங்களூர் வாடகை, காருகுறிச்சி நாகசுரம் என்று எதுவும் பாக்கியில்லை. ஒரு கட்டத்தில் கேமரா இரண்டும் கோபித்துக்கொண்டு முன்னால் போய்விட்டன. சாயங்காலம் வாட்ஸாப் குழுவில் ஒரே வரி வந்தது: "இது பறவை பார்க்கிற நடையா, பிக்னிக்கா?"

இரண்டும் சேர்ந்து இருக்கக்கூடாதா என்பதுதான் என் கேள்வி.

---

வாலாட்டி எழுதியது:

இருக்கக்கூடாது என்பது என் கட்சி. அண்ணாச்சி மனம் வருத்தப்பட வேண்டாம்.

பறவை பார்ப்பதில் பாதி, காதால் பார்ப்பது. செம்மார்புக் குக்குறுவான் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருப்பது பேச்சு சத்தத்தில் கேட்காது. இலுப்பைக் கிளைக்குள் மாங்குயில் ஒரு தடவைதான் கூப்பிடும். அரசவால் ஈப்பிடிப்பான் நிழலுக்குள் இருந்துகொண்டு கரகரவென்று ஒரு சின்னக் குரல் கொடுக்கும், அதைப் பிடித்துக்கொண்டு தேடினால்தான் அந்த வெள்ளை வால் கண்ணில் படும். உங்கள் பட்டியலைப் பாருங்கள். நீர்க்காகம், நாரை, மீன்கொத்தி, பருந்து. எல்லாம் வெட்டவெளியில் உட்காருகிற பெரிய பறவைகள். மரத்துக்குள் இருப்பது ஒன்றுகூட இல்லை. அவை வரவில்லையா, நீங்கள் கேட்கவில்லையா?

பெங்களூர் வாடகையை டீக்கடையில் பேசலாம்.

---

சுத்தமல்லிக்காரன் எழுதியது:

டீக்கடையில் பேசலாம் என்பதை வழிமொழிகிறேன். சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று யாருமே சொல்லவில்லையே. வீரவநல்லூர் வழியாகப் போய்விட்டு வெறும் பிஸ்கட்டோடு திரும்பியிருந்தால் அதுதான் உண்மையான பஞ்சாயத்து.

---

கோரைப்பாய் எழுதியது:

சுத்தமல்லி அண்ணன், புளியோதரையும் சுக்குக் காப்பியும் நான்தான் கொண்டுவந்தேன். கவலை வேண்டாம்.

வாலாட்டி அக்கா சொல்வது முக்கால்வாசி சரி. ஆனால் அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பைனாகுலர் பிடிக்கத் தெரியாது, கண்ணாடி வேறு. பத்தமடைப் பக்கம் வளர்ந்தவர். ஆற்றோரம் கோரை அறுக்கிற இடத்தில் சின்ன வயசில் சுற்றியவர். படித்துறையில் இருந்து நூறடி போவதற்குள் பேச்சோடு பேச்சாக, "மடையான் நிக்கி பாரு" என்று கையால் காட்டாமல் தாடையால் காட்டினார். எங்கே என்று பிள்ளைகள் தேடுகிறார்கள், தெரியவில்லை. சேற்று நிறத்தில் சேற்றோடு சேர்ந்து நிற்கிறது. பக்கத்தில் போனதும் பறந்தது, இறக்கை அத்தனையும் வெள்ளை. பெங்களூர்த் தம்பி அசந்துபோய்விட்டான். அவன் அதுவரை ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் அம்மா ஆரம்பித்தார். ஆள்காட்டி எந்த மாதிரி இடத்தில் முட்டையிடும், செம்போத்து வலமாகப் போனால் ஒரு பேச்சு, இடமாகப் போனால் ஒரு பேச்சு, தூக்கணாங்குருவிக் கூட்டை எந்தப் பனையில் பார்த்தார், எந்த வருஷம் வாய்க்கால் வெட்டியபோது அந்தப் பனை போயிற்று. நான் ஆறு வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள், என் வகுப்பில் பிள்ளைகள் அப்படி வாய் பார்த்து நின்றதில்லை.

"பேசாதீர்கள்" என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் அம்மா வாயே திறந்திருக்கமாட்டார். மரியாதைக்காகப் பேசாமல் வந்திருப்பார். எனக்கு அது நஷ்டம்.

---

நேற்றுவந்தவன் எழுதியது:

குழுவுக்குப் புதுசு. அந்த நடைக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகளில் நானும் ஒருவன். ஒரு சந்தேகம். மணல்திட்டு ஓரத்தில் பழுப்பு நிறத்தில் சின்னப் பறவை, புறா அளவுகூட இல்லை. பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே இருந்தது. வாலாட்டிக் குருவி என்று நண்பன் சொன்னான். உள்ளான் என்று தபால்காரத் தாத்தா சொன்னார். பக்கத்தில் போனதும் தண்ணீரை ஒட்டி, மிகத் தாழ்வாக, இறக்கையை விறைப்பாக வைத்துக்கொண்டு பறந்து அக்கரை போய்விட்டது. யார் சொன்னது சரி?

---

வாலாட்டி எழுதியது:

தாத்தா சொன்னதுதான். சாதா உள்ளான்.

வாலாட்டி என் பெயரில் இருப்பதால் அதற்குப் பரிந்துதான் பேசவேண்டும், ஆனால் அது இப்படி ஆட்டாது. வாலாட்டிக்கு வால் நீளம், வாலை மட்டும் மேலும் கீழும் அடிக்கும், ஓடி ஓடிப் பூச்சி பிடிக்கும், பறக்கும்போது அலை அலையாக ஏறி இறங்கும். உள்ளானுக்கு வால் குட்டை. இடுப்புக்குப் பின்னால் மொத்த உடம்பையும் ஆட்டும். நீங்கள் சொன்ன பறக்கும் விதம்தான் முத்திரை: தாழ்வாக, இறக்கை வளையாமல், விட்டு விட்டு அடித்து. உட்கார்ந்திருக்கும்போது பார்த்திருந்தால் தோளுக்கு முன்னால் மார்பின் வெள்ளை மேலே ஏறி ஒரு ஆப்பு மாதிரித் தெரிந்திருக்கும்.

இன்னொன்றோடு குழம்ப வாய்ப்பு உண்டு, பொரி உள்ளான். அதற்கு முதுகெல்லாம் பொரி தூவினாற்போல் புள்ளி, கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு, கால் இன்னும் நீளம். பறந்தால் முதுகில் வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். அது ஆற்றோட்டத்தைவிட வயல் தண்ணீரிலும் குளத்து ஓரத்திலும்தான் அதிகம் கிடைக்கும்.

சித்திரைக்குள் இரண்டுமே வடக்கே கிளம்பிவிடும். அதற்குள் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். தனியாகப் போங்கள், இல்லாவிட்டால் பேசாத ஒருவரோடு.

---

எட்டுக்குநாற்பத்திரண்டு எழுதியது:

தம்பி நேற்றுவந்தவன், தோளில் ஏறும் அந்த வெள்ளை தெரிய வேண்டுமென்றால் பைனாகுலர் வேண்டும். கடைக்காரர் பத்துக்கு ஐம்பது, பன்னிரண்டுக்கு ஐம்பது என்று தலையில் கட்டப் பார்ப்பார். வாங்காதே. பெருக்கம் கூடக்கூடக் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். எட்டுக்கு நாற்பத்திரண்டு போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். நாற்பத்திரண்டை எட்டால் வகுத்தால் ஐந்தே கால். கண்ணுக்கு வருகிற ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர், விடிகாலை மங்கலுக்கும் தாராளம். பார்வைப் பரப்பும் அகலமாக இருக்கும், பறக்கிற பறவையைத் தொலைக்காமல் தொடரலாம்.

முதலில் பறவையை வெறும் கண்ணால் பார். கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவா. எல்லோரும் குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து பறவையைத் தேடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுவது.

பேச்சு விவகாரத்தில் எனக்குக் கருத்து இல்லை. எனக்கு ஒரு காது மந்தம்.

---

மருதமரத்தடி எழுதியது:

வாலாட்டி மேடம், உங்கள் கேள்வி நியாயமானது, மரத்துக்குள் இருப்பவை நம் பட்டியலில் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆற்றங்கரைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று யோசித்தேன்.

அன்று பறவைகள் கிளம்பியது எப்போது என்று கவனித்துக்கொண்டே வந்தேன். பேச்சுக்கு ஒன்றும் கிளம்பவில்லை. படித்துறையில் துணி துவைக்கிற சத்தம், கோயில் ஒலிபெருக்கி, டிராக்டர் எல்லாம் கேட்டு வளர்ந்த பறவைகள் அவை. கிளம்பியது மூன்று விஷயத்துக்கு. ஒன்று, யாராவது திடீரென்று கையை நீட்டிக் காட்டினால். இரண்டாவது, கரைமேட்டின் விளிம்பில் வானத்தைப் பின்னணியாக வைத்து ஆள் உருவம் முழுசாகத் தெரியும்படி நின்றால். மூன்றாவது, நேராக அதை நோக்கி நடந்தால். பக்கவாட்டில், அதைக் கவனிக்காதவர்போல் நடந்தால் நாம் பேசிக்கொண்டே போனாலும் நின்று மேய்கிறது. கேமராத் தம்பிகள் இருவரும் வாயே திறக்கவில்லை, ஆனால் பாம்புத்தாரா உட்கார்ந்திருந்த பட்ட மரத்தை நோக்கி நேராகப் போனார்கள். அது சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. நனைந்த இறக்கையோடு கஷ்டப்பட்டு எழுந்து போயிற்று.

கோரைப்பாய் அக்காவின் அம்மா தாடையால் காட்டினாரே, அதைத்தான் சொல்கிறேன்.

---

வான்காட்சி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நான் தென்காசி. யூட்யூபுக்குக் கோயில், அருவி எல்லாம் ட்ரோனில் எடுக்கிறேன். நாரைக் கூடுகளை மேலிருந்து எடுத்தால் குஞ்சுகள் எத்தனை என்று துல்லியமாக எண்ணலாமே? கீழே நின்று தலையைத் தூக்கி எண்ணுவதைவிட அது நல்லதுதானே? அனுமதி யாரிடம் கேட்க வேண்டும்?

---

வாலாட்டி எழுதியது:

வேண்டாம். அனுமதியைப் பற்றி யோசிக்கும் முன்பே வேண்டாம்.

கோபமாக எழுதவில்லை, காரணம் சொல்கிறேன். நாரைக்குக் கீழே நடக்கிற மனிதன் பழகியவன். மேலே இருந்து வருவது எதுவானாலும் பருந்து மாதிரிதான். பெரிய நாரை எழுந்துவிட்டால் கூடு திறந்து கிடக்கும். காகம் காத்துக்கொண்டே இருக்கிறது, முட்டையோ சின்னக் குஞ்சோ சில நிமிடத்தில் போய்விடும். இன்னொன்று, வெயில். பதினோரு மணிக்குமேல் அந்த மரத்துக்குக் கீழே நின்று பாருங்கள். தாயோ தகப்பனோ கூட்டின் விளிம்பில் இறக்கையை விரித்து நின்றுகொண்டிருக்கும், குஞ்சுக்கு நிழல் விழும்படி. சிறகு முளைக்காத குஞ்சுக்கு மாசி வெயிலே அதிகம். பெரியதைப் பத்து நிமிடம் விரட்டினாலும் விலை அந்தக் குஞ்சுக்குத்தான். நடக்கத் தெரிந்த குஞ்சாக இருந்தால் பயத்தில் விளிம்புக்குப் போய்க் கீழே விழும்.

எண்ணுவதற்கு வழி இருக்கிறது. அகத்தியமலைப் பகுதியில் வேலை செய்கிற ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பினர் 2011-லிருந்து ஒவ்வொரு ஜனவரியும் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். தன்னார்வலர்கள்தான் எண்ணுகிறார்கள். பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு தமிழ்நாடு முழுக்க நடக்கிறது, அதற்கு வீட்டு மொட்டை மாடியே போதும். அதில் சேருங்கள், படமும் எடுங்கள், தரையில் நின்று.

---

வான்காட்சி எழுதியது:

புரிந்தது மேடம். கோபுரத்தை மட்டும் தூரத்திலிருந்து எடுக்கலாமா?

---

வாலாட்டி எழுதியது:

கோபுரத்துக்கும் கூட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நேரில் வந்து பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

இந்த இழையில் கூட்டின் நெருக்கப் படங்கள் போட வேண்டாம். போட்டால் நீக்கப்படும். ட்ரோன் பேச்சு இத்தோடு போதும்.

---

கொள்ளுகுடி எழுதியது:

சிவகங்கைப் பக்கம். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டி இருக்கிற எங்கள் ஊர்களில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. என் தலைமுறையில் வெடித்துப் பார்த்ததே இல்லை. பிள்ளைகளுக்கு அழுகை வரும், இனிப்பு கொடுத்துச் சமாளிப்போம். உங்கள் மாவட்டத்தில் கூந்தன்குளத்திலும் வீட்டு மரத்திலேயே நாரை கூடு கட்டும், ஊர்க்காரர்கள் விரட்டமாட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் வேப்பமரத்தில் கூடு, கீழே ஆச்சி எச்சத்தைக் கூட்டித் தள்ளிவிட்டுக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நாற்றம் இருக்கத்தான் செய்கிறது. அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை, மழை சரியாக வந்தால்தான் இதுகள் வரும் என்று மட்டும் சொன்னார்.

ஆக சத்தம் வேண்டாம் என்று ஊரே முடிவெடுத்தால் நடக்கிறது. ஆனால் எங்கள் ஊரிலும் வெடிதான் கூடாது, பேச்சுக்குத் தடை இல்லை. பேசாமல் ஊர் எப்படி நடக்கும்?

---

கடனாநதி எழுதியது:

நான் விவசாயி. திருப்புடைமருதூருக்கு மேலே நிலம். கொஞ்சம் கசப்பாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேசுவதும் பேசாததும் உங்கள் பிரச்சினை. எங்கள் பிரச்சினை வேறு. இப்போது அறுப்பு நேரம். நெல்லைக் காயப்போடக் களம் போதாமல் ரோட்டு ஓரத்தில் விரித்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கார்கள் வந்து அதன்மேல் ஏறி நிற்கின்றன. கேட்டால் "பறவை பார்க்க வந்தோம்" என்கிறார்கள். வரப்பில் பத்துப் பேர் வரிசையாக நடந்தால் வரப்பு சரிகிறது. பிசானத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கும்போது வரப்பு உடைந்தால் யார் கட்டுவது?

பறவையால் நஷ்டமே இல்லை என்றும் யாரும் சொல்ல வேண்டாம். நீலத்தாழைக்கோழி நெற்பயிரை வளைத்துக் கடித்துப் போடும், கூட்டமாக வந்தால் ஒரு மூலை போய்விடும். நாங்கள் விரட்டுவோம், அவ்வளவுதான். நாரையும் கொக்கும் வயலில் நண்டு, பூச்சி, தவளை தின்கின்றன. அவற்றை யாரும் தொடுவதில்லை. எங்கள் அப்பா காலத்திலிருந்து அந்த மருத மரத்தில் ஒரு கிளை வெட்டியதில்லை. நீங்கள் வருவதற்கு முன்பும் அவை இருந்தன.

2023 டிசம்பர் வெள்ளத்தில் கரையோரம் எவ்வளவு போயிற்று என்று இங்கே யாராவது எழுதினீர்களா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர் பெய்த அந்த மழைதான். மரக்கிளைகளில் அடித்துவந்த துணியும் பிளாஸ்டிக்கும் எத்தனை நாள் தொங்கியது. பாவநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்ட வேட்டியும் சேலையும் இங்கே வந்து வேரில் சுற்றிக்கொள்கிறது. பறவை பார்க்க வருகிறவர்கள் ஒரு கோணிப்பை கொண்டுவந்து அதை அள்ளினால் நான் காப்பி போட்டுத் தருகிறேன்.

---

மருதமரத்தடி எழுதியது:

கடனாநதி அண்ணனுக்கு நன்றி. எங்கள் வண்டிகளைக் கோயில் பக்கம்தான் நிறுத்தினோம், ஆனால் நீங்கள் சொன்ன கார்களை நானும் பார்த்தேன். வரப்பில் இறங்காமல் படித்துறையிலிருந்து ஆற்றோரப் பாதையிலேயே போவதற்கு வழி இருக்கிறதா? அடுத்த முறை உங்களைக் கேட்டுவிட்டே வருகிறோம். கோணிப்பை நிச்சயம்.

---

முட்டுவலி எழுதியது:

என் பெயரைப் பார்த்தாலே தெரியும். என்னைப் போன்றவர்கள் இந்த நடைக்கு வர முடியுமா? இரண்டு கிலோமீட்டர் மணலில் நடக்க என்னால் ஆகாது. பேரன் கூப்பிடுகிறான்.

---

எட்டுக்குநாற்பத்திரண்டு எழுதியது:

நடக்கவே வேண்டாம் சார். மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுவாருங்கள். ஆற்றில் மணல்திட்டும் ஆழமான நீரும் சேர்கிற வளைவு ஒன்றைப் பார்த்து, மர நிழலில், பின்னால் மரத்தண்டு இருக்கும்படி உட்காருங்கள். உருவம் மரத்தோடு கலந்துவிடும். இருபது நிமிடத்தில் நீங்கள் வந்ததை ஆறு மறந்துவிடும். அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். பறவைப் பட்டியல் ஏற்றுகிற ஈபேர்டு தளத்தில் பதிவு செய்யும்போதும் "நகர்ந்து பார்த்தது", "ஒரே இடத்தில் நின்று பார்த்தது" என்று தனித்தனி வகை உண்டு, நேரத்தைக் குறித்தால் போதும். உட்கார்ந்து எண்ணிய பட்டியலுக்கு மதிப்பு ஒன்றும் குறைவில்லை.

சொல்லப்போனால் நடக்கிறவர்கள் விரட்டி விட்டதெல்லாம் உட்கார்ந்திருப்பவரின் பக்கம்தான் வரும்.

---

கோரைப்பாய் எழுதியது:

அன்று கடைசியில் நடந்ததும் இதுதான். அம்மாவுக்குக் கால் வலித்ததால் மருதமர வேரில் உட்கார்ந்தோம். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். புளியோதரைப் பொட்டலம் பிரித்தோம். தபால்காரத் தாத்தா தான் சைக்கிளில் தபால் கொண்டுபோன காலத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், மெல்லிய குரலில்தான். எதிர்க் கரையில் மண்மேட்டில் பச்சைப் பஞ்சுருட்டான் ஒன்று பொந்துக்குள் போவதும் வருவதுமாக இருந்ததை அப்போதுதான் பார்த்தோம். அலகால் மண்ணைக் குத்தி, காலால் பின்பக்கம் தள்ளி, தூசி வெளியே தெறித்தது. நடந்துகொண்டிருந்தபோது அந்த மேட்டைத் தாண்டித்தான் போயிருந்தோம், ஒருவரும் கவனிக்கவில்லை. தாத்தா கதையை நிறுத்தவும் இல்லை, பஞ்சுருட்டான் வேலையை நிறுத்தவும் இல்லை.

---

வாலாட்டி எழுதியது:

பொந்து தோண்டுவதைப் பார்த்தீர்களா! இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டாமா அண்ணாச்சி? பங்குனியில் முட்டை இருக்கும். பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் பெரும்பாலும் செங்குத்தான மண்கரையில்தான் பொந்து போடும். கரையைச் சரித்து மணல் அள்ளிய இடத்தில் இவை இரண்டும் காணாமல் போகும். அந்த மேடு எந்த இடம் என்று இங்கே எழுத வேண்டாம், தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

சரி, என் கட்சியைக் கொஞ்சம் இளக்கிக்கொள்கிறேன். உட்கார்ந்தபின் மெல்லப் பேசலாம். நடக்கும்போது பேச வேண்டாம். கையை நீட்டவே வேண்டாம். ஃபோனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவது கட்டாயம் வேண்டாம். யாரோ ஒரு பையன் அன்று ஆறுமணிக்குருவி குரலை ஃபோனில் ஒலிக்கவிட்டான் என்று கேள்வி. அது சித்திரை வாக்கில் வடக்கே அத்தனை தூரம் பறக்க வேண்டிய பறவை. இப்போது தின்று கொழுப்பு சேர்க்கிற நேரத்தில், இல்லாத எதிரியைத் தேடி அலையவிடுவது பாவம்.

---

நேற்றுவந்தவன் எழுதியது:

அது நான் இல்லை. யார் என்று தெரியும், சொல்லிவிடுகிறேன்.

குரலைக் கேட்டுப் பறவைப் பெயர் சொல்கிற மெர்லின் செயலியைக் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்தானே? படித்துறைப் பக்கம் அது தடுமாறுகிறது, தண்ணீர்ச் சத்தத்தில் எதை எதையோ சொல்கிறது.

---

வாலாட்டி எழுதியது:

கேட்க வைத்துக்கொள்ளலாம். அது சொல்கிற பெயரை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள், கண்ணால் பார்த்தபிறகு ஏற்றுங்கள். ஊரில் இல்லாத பறவையெல்லாம் பட்டியலில் இப்படித்தான் நுழைகின்றன.

---

சுத்தமல்லிக்காரன் எழுதியது:

அடுத்தது எப்போது? மதுரையிலிருந்து மச்சான் வருகிறான், அவனுக்கு எல்லாப் பறவையும் காக்காதான். பேச்சு மட்டும் நிற்காது.

---

மருதமரத்தடி எழுதியது:

பங்குனி இரண்டாம் ஞாயிறு வைத்துக்கொள்ளலாம். இந்தத் தடவை இரண்டு கூட்டமாகப் பிரிகிறோம். வாலாட்டி மேடம் தலைமையில் பேசாதவர்கள் ஆறு மணிக்கே கிளம்பி மேற்கே போகட்டும். மற்றவர்கள் ஆறரைக்கு வந்து மருதமரத்தடியில் உட்காருவோம். முட்டுவலி சாரும் பேரனும் நம்மோடு. எட்டரைக்கு இரண்டு கூட்டமும் சேர்ந்து பட்டியலை ஒப்பிட்டுவிட்டுக் கோணிப்பையை எடுப்போம். வண்டி கோயில் பக்கம் மட்டும், நெல் காயும் ரோட்டில் இல்லை. ரயிலில் வருகிறவர்கள் நெல்லை–தென்காசி பாசஞ்சரில் வீரவநல்லூரில் இறங்கினால் அழைத்துவர ஏற்பாடு செய்கிறேன், முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சாயங்காலம் இருக்க முடிந்தவர்கள் இருங்கள். வழியில் ஏதாவது ஒரு குளக்கரையில் சூறைக்குருவிக் கூட்டம் அடைய வருவதைப் பார்த்துவிட்டுப் போகலாம். சித்திரையில் அவை மத்திய ஆசியாவுக்குத் திரும்பிவிடும்.

---

வாலாட்டி எழுதியது:

ஆறு மணி சம்மதம். பேசாதவர்கள் கூட்டத்துக்கு இதுவரை எத்தனை பேர்?

---

எட்டுக்குநாற்பத்திரண்டு எழுதியது:

நான் ஒருவன். என்னிடம் யார் பேசினாலும் பாதிதான் கேட்கும்.

---

முட்டுவலி எழுதியது:

நாற்காலி வாங்கிவிட்டேன். பேரனுக்கு ஏழு வயசு, பேசாமல் இருக்கமாட்டான், அதனால் இரண்டாவது கூட்டம்தான். அவனுக்குச் சின்ன பைனாகுலர் யாரிடமாவது இரவல் கிடைக்குமா?

---

கோரைப்பாய் எழுதியது:

என் பள்ளிக்கூடத்தில் ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன். அம்மாவும் வருகிறார். கடனாநதி அண்ணன், காப்பி எத்தனை பேருக்கு என்று சனிக்கிழமை எண்ணிக்கை சொல்லிவிடுகிறேன்.

---

கடனாநதி எழுதியது:

சொல்லுங்கள். பால் சொல்லிவைக்க வேண்டும். கோணிப்பை நானே தருகிறேன், நீங்கள் கையுறை மட்டும் கொண்டுவாருங்கள், துணிக்குள் கண்ணாடித் துண்டு இருக்கும்.